தறிக்கும் டேட்டா சென்டருக்கும் ஒரே கம்பி

(முன்னாள் மாணவர் சங்கக் கூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அவர்கள் என்னைப் போனில் கூப்பிட்டு, "பழைய கதை பேசறதுக்கு நிறையப் பேர் இருக்காங்கப்பா. நீ உன் தொழிலைப் பத்தி உபயோகமா ஏதாவது பேசு" என்றார். அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. நான் ஒரு மின் பொறியாளன். துணை மின்நிலையங்களில் பாதுகாப்பு ரிலேக்களைச் சோதித்து, செட்டிங் போட்டு, லைனை ஏற்றிக் கொடுப்பது என் வேலை. ஆரம்பத்தில் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து உருக்காலைகளில்தான் அதிகம் சுற்றினேன். கடந்த சில ஆண்டுகளாக என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் டேட்டா சென்டர்காரர்கள். அந்த மாற்றத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

"பொதட்டூர்பேட்டையில தறி ஓடுது. டேட்டா சென்டர் ஓடறது அம்பத்தூர்ல, சிறுசேரியில. நமக்கென்ன சார்?" என்று நீங்கள் கேட்கலாம். நமக்கு இருக்கிறது. ஏனென்றால் இரண்டும் ஒரே மின்தொகுப்பில் தொங்குகின்றன. அங்கே ஒரு பெரிய சுமை ஏறினாலும் இறங்கினாலும், கூடவோ குறையவோ அது இங்கேயும் தெரியும். வோல்டேஜில் தெரியாவிட்டால் பில்லில் தெரியும்.

எவ்வளவு கரண்ட் தின்னும்?

டேட்டா சென்டர் என்பது ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை அலமாரி அலமாரியாக அடுக்கி, இரவு பகல் ஓயாமல் ஓடவிடும் ஒரு கட்டடம். நீங்கள் ஜிபே செய்யும்போதும், ரயில் டிக்கெட் எடுக்கும்போதும், ஏ.ஐ.யிடம் அசைன்மென்ட் கேட்கும்போதும் (ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும்) பதில் வருவது அப்படிப்பட்ட ஒரு கட்டடத்திலிருந்துதான்.

நம்மூர் அளவையிலேயே சொல்கிறேன். ஒரு விசைத்தறிக்கு ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 750 வாட். இன்று டேட்டா சென்டர் வளாகங்களை 100 மெகாவாட் என்ற கணக்கில் திட்டமிடுகிறார்கள். 2024 ஜனவரியில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்டி ஆகிய மூன்றும் சேர்ந்து திறந்த வளாகத்தின் முழு இலக்கு அந்த அளவுதான். முதல் கட்டம் 20 மெகாவாட். 100 மெகாவாட் என்றால் 1,30,000 விசைத்தறிகளுக்கு மேல் ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம். ஒரே வளாகம், ஒரே கேட், ஒரே மின் இணைப்பு.

அந்த 100 மெகாவாட் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும். அவற்றைக் குளிரவைக்க ஏ.சி. வேண்டும், யு.பி.எஸ்.ஸிலும் டிரான்ஸ்பார்மரிலும் இழப்பு உண்டு. மொத்த மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் தின்னும் மின்சாரத்தால் வகுத்து வரும் எண்ணைப் பி.யு.இ. என்பார்கள். சென்னை மாதிரி வெக்கையும் புழுக்கமும் உள்ள ஊரில் அதைக் குறைப்பது லேசான காரியம் இல்லை. அந்த எண் 1.5 என்றால், 100 மெகாவாட் கம்ப்யூட்டருக்கு 150 மெகாவாட் இழுக்க வேண்டும்.

முன்பெல்லாம் ஒரு அலமாரி 5 முதல் 10 கிலோவாட் இழுக்கும். ஏ.ஐ. வேலைக்காக என்விடியா நிறுவனம் கொண்டுவந்த புதிய அலமாரி ஒன்று சுமார் 120 கிலோவாட் இழுக்கிறது. பீரோ அளவுள்ள ஒரு பெட்டிக்குள் 160 தறி. சர்வதேச எரிசக்தி முகமை 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2024இல் உலகத்து டேட்டா சென்டர்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 415 டெராவாட் மணி மின்சாரத்தை உபயோகித்தன. அது உலக மின் நுகர்வில் ஒன்றரை சதவீதம். 2030இல் 945 ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆறே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல்.

ஏன் சென்னை?

கடலுக்கு அடியில் வரும் கேபிள்கள் கரையேறும் ஊர்களில் சென்னை ஒன்று. 2002இல் சிங்கப்பூரிலிருந்து ஐ-டு-ஐ கேபிள் வந்தது. பிறகு வரிசையாகப் பல வந்தன. 2020 ஆகஸ்டில் அந்தமானுக்கும் இங்கிருந்துதான் போட்டார்கள். கேபிள் கரையேறும் இடத்துக்கு அருகில் டேட்டா சென்டர் இருந்தால் நல்லது. அதோடு தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் உண்டு, படித்த பிள்ளைகளும் உண்டு. 2021இல் மாநில அரசு டேட்டா சென்டர்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. பக்கத்து ஆந்திரத்தில் விசாகப்பட்டினத்துக்கு 1,500 கோடி டாலர் முதலீட்டில் வருவதாகக் கூகுள் 2025 அக்டோபரில் அறிவித்தது. அது கிகாவாட் கணக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் என்றாலும், தென் மாநிலங்கள் எல்லாம் ஒரே தொகுப்பு என்பதை மறக்கக் கூடாது.

பற்றாக்குறை நாட்கள்

இப்போது நம் மின்தொகுப்பைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அன்று மின்வெட்டு என்று அறிவித்து ஊர் ஊராக நிறுத்த வேண்டிய நிலை வரவில்லை. இன்றைய மாணவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் என் வயசுக்காரர்களைக் கேளுங்கள்.

நாங்கள் இங்கே படித்த காலம் 2008ஐ ஒட்டிய காலம். மாநிலத்துக்கே பற்றாக்குறை. 2012இல் அது உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேர வெட்டு. சென்னைக்கு வெளியே அதைப்போலப் பல மடங்கு. தறி ஓடும் ஊரில் மின்வெட்டு என்றால் என்ன அர்த்தம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாவு பாதியில் நிற்கும். கூலி மீட்டர் கணக்கு. நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது. கரண்ட் வந்துவிட்டால் ராத்திரி 2 மணிக்கும் எழுந்து தறி ஓட்டினார்கள். அந்தச் சத்தத்தில்தான் நான் செமஸ்டர் பரீட்சைக்குப் படித்தேன்.

அந்த நிலை எப்படி மாறியது? மூன்று காரியங்கள் நடந்தன. முதலாவது, நம் மாவட்டத்துக் கடற்கரையிலேயே புதிய அனல் மின் அலகுகள் வந்தன. வட சென்னையில் இரண்டாம் நிலை 1,200 மெகாவாட், வல்லூரில் 1,500 மெகாவாட். இரண்டாவது, 2013 டிசம்பர் 31ஆம் தேதி ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் இணைக்கப்பட்டு, தென்னகத் தொகுப்பு வடக்கோடு ஒன்றானது. அதுவரை நாம் தனித் தீவு மாதிரி. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடஇந்தியா முழுக்க இருண்டபோது நாம் தப்பித்தது அதனால்தான். வெளியிலிருந்து வேண்டிய அளவு மின்சாரம் வாங்க முடியாமல் தவித்ததற்கும் அது ஒரு காரணம். மூன்றாவது, சூரிய மின்சாரம். 2016இல் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பற்றாக்குறை என்று வரும்போது யாருக்கு வெட்டுவது என்று யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. போனமுறை அந்த முடிவு கிராமத்தின் தலையிலும் சின்ன ஊர்களின் தலையிலும் விழுந்தது. டேட்டா சென்டர் நின்றால் வங்கியும் ஆஸ்பத்திரியும் நிற்கும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் தறி நின்றால் யார் வீட்டு அடுப்பு நிற்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆகவே பற்றாக்குறை வருவதற்கு முன்பே தொகுப்பைத் தயார் செய்ய வேண்டும். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

தொகுப்பு எப்படி மாறுகிறது?

முதலில் வோல்டேஜ். சின்ன ஃபாக்டரிக்கு 11 கிலோவோல்ட் போதும். டேட்டா சென்டர் 33, 110 என்று ஏறி, பெரிய வளாகம் என்றால் 230 கிலோவோல்ட்டையே கேட்கிறது. அதாவது ஒரு வாடிக்கையாளருக்கே ஒரு துணை மின்நிலையம். நகரத்துக்குள் இடம் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் வாயு நிரப்பிய குழாய்க்குள் அடக்கி ஒரு ஹாலுக்குள் வைக்கும் ஜி.ஐ.எஸ். முறை. நாம் படித்தபோது புத்தகத்தில் ஒரு படம் மட்டும் இருந்தது. இன்று அதுதான் என் தினப்படி வேலை.

இரண்டாவது, இரண்டு வழி. டேட்டா சென்டரில் டயர்-3, டயர்-4 என்று தரம் சொல்வார்கள். டயர்-3 என்றால் 99.982 சதவீத நேரம் ஓட வேண்டும். வருஷத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் நிற்கலாம். டயர்-4 என்றால் 26 நிமிஷம். அதனால் இரண்டு ஃபீடர் கேட்பார்கள். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. காகிதத்தில் இரண்டு ஃபீடர் இருக்கும். போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே டவரின் இரண்டு பக்கத்தில் தொங்கும். அல்லது இரண்டும் ஒரே 230 கிலோவோல்ட் பஸ்பாரிலிருந்து புறப்படும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது கம்பங்களும் டவர்களும் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், டவர் விழுந்தால் இரண்டு சர்க்யூட்டும் சேர்ந்துதான் விழும். இரண்டு வழி என்றால் இரண்டு துணை மின்நிலையம், இரண்டு பாதை.

மூன்றாவது, தூரம். காற்று ஆரல்வாய்மொழியில் அடிக்கிறது. வெயில் ராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் காய்கிறது. சுமையோ சென்னையைச் சுற்றி ஏறுகிறது. தெற்கில் விளைவதை வடக்கே கொண்டுவர 400, 765 கிலோவோல்ட் லைன்கள் வேண்டும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் அருகே புகளூர் வரை 6,000 மெகாவாட் திறனுள்ள நேர்மின் லைன் ஏற்கனவே இருக்கிறது. ஒரு டேட்டா சென்டரை ஒன்றரை, இரண்டு வருஷத்தில் கட்டி முடித்துவிடுகிறார்கள். ஒரு லைனுக்கு நிலம் எடுத்து, டவர் நட்டு, கம்பி இழுத்து முடிக்க அதைப்போல இரண்டு மடங்கு காலம் ஆகிறது. மாநிலத்துக்கு மாநிலம் எல்லோரும் தவிக்கிற இடம் இதுதான்.

நான்காவது, நேரம். டேட்டா சென்டர் சுமை தட்டையானது. காலை, மாலை, நள்ளிரவு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். சூரிய மின்சாரமோ மாலை 6 மணிக்குக் கையை விரித்துவிடும். காற்று மே முதல் செப்டம்பர் வரை. சில நாள் 5,000 மெகாவாட்டைத் தாண்டும், சில நாள் ஏமாற்றும். "நாங்கள் 100 சதவீதம் பசுமை மின்சாரத்தில் ஓடுகிறோம்" என்று ஒரு நிறுவனம் போர்டு வைத்தால், ராத்திரி 8 மணிக்கு அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அத்திப்பட்டு நிலக்கரிதான் வரும். இல்லாவிட்டால் மின்சந்தையில் யூனிட்டுக்கு 10 ரூபாய் வரை கொடுத்து வாங்கியது வரும்.

இதற்கு மருந்து சேமிப்பு. கோவை மாவட்டம் காடம்பாறையில் 1980களின் கடைசியிலேயே 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் கட்டினார்கள் நம் முன்னோடிப் பொறியாளர்கள். மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றுவது, தேவைப்படும்போது இறக்கி டர்பைனைச் சுற்றுவது. குந்தாவில் 500 மெகாவாட்டில் இன்னொன்று திட்டமிட்டுக் கட்டுகிறார்கள். 2024இல் நீரேற்று நிலையங்களுக்கென்று தனிக் கொள்கை வந்தது. பெரிய பேட்டரி நிலையங்களுக்கும் டெண்டர் விட்டிருக்கிறார்கள். அதே 2024இல் டான்ஜெட்கோவைப் பிரித்து, பசுமை மின்சாரத்துக்கு என்று தனி நிறுவனமே அமைத்தார்கள். நாம் ஊரில் எல்லாவற்றையும் இன்னும் 'மின்வாரியம்' என்றுதான் சொல்கிறோம். அது வேறு விஷயம்.

வர்ஜீனியாவில் நடந்தது

என் தொழிலில் என்னைத் தூங்கவிடாமல் செய்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 2024 ஜூலை 10ஆம் தேதி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தின் வடபகுதி. உலகத்திலேயே டேட்டா சென்டர்கள் மிக நெருக்கமாக உள்ள இடம் அது. ஒரு 230 கிலோவோல்ட் லைனில் இடிதாங்கி ஒன்று பழுதாகி ஃபால்ட். லைனில் தானியங்கி ரீகுளோசிங் இருந்தது. லைன் விழுந்து, மறுபடி ஏறி, மறுபடி விழுந்து, இப்படி வரிசையாக 6 ஃபால்ட். ஒவ்வொரு முறையும் சுற்றுவட்டாரத்தில் வோல்டேஜ் ஒரு கணம் தொங்கி நிமிர்ந்தது. பாதுகாப்பு ரிலே தன் வேலையைச் சரியாகவே செய்தது.

ஆனால் டேட்டா சென்டர்களின் யு.பி.எஸ்.ஸில் ஒரு கணக்கு இருந்தது. ஒரு நிமிஷத்துக்குள் 3 முறை வோல்டேஜ் தொங்கினால், "இந்தக் கரண்டை நம்ப முடியாது" என்று முடிவு செய்து, மொத்தச் சுமையையும் ஜெனரேட்டருக்கு மாற்றிவிடும். பிறகு யாராவது போய்க் கையால் மாற்றினால்தான் திரும்ப வரும். அன்று சுமார் 60 டேட்டா சென்டர்கள் ஒரே நேரத்தில் அப்படிச் செய்தன. கண்மூடித் திறப்பதற்குள் 1,500 மெகாவாட் சுமை தொகுப்பிலிருந்து காணாமல் போனது. வோல்டேஜ் ஏறியது, அதிர்வெண் ஏறியது. கெபாசிட்டர் பேங்குகளை அவசரமாகக் கழற்றி நிலைமையைச் சமாளித்தார்கள்.

ஜெனரேட்டர் திடீரென்று நின்றுபோனால் என்ன செய்வது என்று நூறு வருஷமாக நாம் படித்து வைத்திருக்கிறோம். சுமை திடீரென்று ஓடிப்போனால் என்ன செய்வது என்பது புதுப் பாடம். நம் நாட்டுத் தொகுப்பு மிகப் பெரியது. 2024 மே 30ஆம் தேதி உச்சத்தேவை 250 கிகாவாட். அதில் 1,500 மெகாவாட் போனால் அதிர்வெண் பெரிதாக ஆடாது. ஆனால் வோல்டேஜ் என்பது உள்ளூர்ச் சமாச்சாரம். அம்பத்தூரில் திடீரென்று சுமை விழுந்தால் அதை உணர்வது சுற்றியுள்ள 230 கிலோவோல்ட் நிலையங்கள்தான், டெல்லிக்குத் தெரியாது.

கும்மிடிப்பூண்டி அனுபவம் எனக்கு இங்கே கைகொடுக்கிறது. உருக்காலையின் இண்டக்ஷன் ஃபர்னஸ் சுமையைத் தாறுமாறாக ஆட்டும், ஹார்மானிக்ஸ் கிளப்பும். ஆரம்பத்தில் அக்கம்பக்கத்து வாடிக்கையாளர்கள் அவதிப்பட்டார்கள். பிறகு விதி வந்தது. வரம்பை மீறினால் கூடுதல் கட்டணம். ஆலைகள் ஃபில்டர் போட்டன. காற்றாலைகளுக்கும் அப்படித்தான். வோல்டேஜ் தொங்கினால் உடனே கழன்றுகொள்ளக் கூடாது, தாங்கி நிற்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2013 திருத்தத்தில் விதி கொண்டுவந்தது. அதே கடமையைப் பெரிய டேட்டா சென்டருக்கும் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த '3 முறை' என்ற எண்ணை யார் முடிவு செய்வது? யு.பி.எஸ். கம்பெனி ஃபாக்டரியில் போட்டு அனுப்பிய எண்ணாக அது இருக்கக் கூடாது. லைனின் ரீகுளோசிங் நேரத்தோடு பொருத்திப் பார்த்துப் போட்ட எண்ணாக இருக்க வேண்டும். ஒரு பொறியாளர் அரை நாள் உட்கார்ந்தால் முடிகிற வேலை. அந்த அரை நாளை யாரும் கேட்பதில்லை.

பணம் யார் கொடுப்பது?

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது அப்பா கேட்டார். அவர் நாற்பது வருஷம் தறி ஓட்டியவர். "ஏன்டா, இவ்வளவு பெரிய கம்பியெல்லாம் இழுக்கறாங்களே, அதுக்குக் காசு யார் குடுக்கறா? நம்ம பில்லுல போடறாங்களா?" என்றார். நான் பத்து வருஷமாகக் கலந்துகொண்ட கருத்தரங்குகளில் இவ்வளவு சுருக்கமாக யாரும் கேட்டதில்லை.

பதில் கொஞ்சம் சிக்கலானது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023இல் 1,000 ஆக்கினார்கள். கைத்தறிக்கு 200ஐ 300 ஆக்கினார்கள். அந்தப் பணத்தை அரசு மானியமாகக் கொடுக்கிறது. மற்றபடி மின்நிறுவனத்தின் திரண்ட நஷ்டம் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. பெரிய தொழிற்சாலைகள் அடக்க விலையை விடக் கூடுதலாகக் கட்டும் பணம்தான் சின்ன வாடிக்கையாளரைத் தாங்குகிறது. ஆகவே டேட்டா சென்டர் நம் மின்நிறுவனத்திடமே வாங்கினால், நல்ல வாடிக்கையாளர். ராத்திரியிலும் நிலையாக இழுக்கும், பில்லைச் சரியாகக் கட்டும். ஆனால் 2022இல் மத்திய அரசு கொண்டுவந்த பசுமைத் திறந்த அணுகல் விதிகளின்படி, 100 கிலோவாட்டுக்கு மேல் உள்ள யாரும் வெளியிலிருந்து பசுமை மின்சாரம் வாங்கிக்கொள்ளலாம். கம்பி நம்முடையது, மின்சாரம் வேறொருவருடையது. அந்தக் கம்பிக் கட்டணத்தைச் சரியாகப் போடாவிட்டால், மிச்சம் யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் கட்டண முறையில் ஒரு நல்ல அம்சம் உண்டு. உயர் அழுத்த வாடிக்கையாளர் ஒப்பந்தம் செய்த டிமாண்டில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் டிமாண்ட் சார்ஜ் கட்டியே ஆக வேண்டும். 50 எம்.வி.ஏ. கேட்டுவிட்டு 10 மட்டும் உபயோகித்தாலும் 45க்குக் கட்ட வேண்டும். இது நியாயம், அவருக்காக டிரான்ஸ்பார்மர் காத்துக்கிடக்கிறதே. காலை, மாலை உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம், இரவில் 5 சதவீதம் தள்ளுபடி என்ற முறையும் இருக்கிறது. இவற்றைத் தளர்த்தச் சொல்லி யார் கேட்டாலும் ஒழுங்குமுறை ஆணையம் ஒத்துக்கொள்ளக் கூடாது.

தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்தைப் பாருங்கள். 2015இல் அந்த நாட்டு மின்சாரத்தில் டேட்டா சென்டர்களின் பங்கு 5 சதவீதம். 2023இல் 21 சதவீதம். நகரத்து வீடுகள் அத்தனையும் சேர்ந்து உபயோகித்ததே 18 சதவீதம்தான். தலைநகர் டப்ளின் பகுதியில் 2028 வரை புது டேட்டா சென்டர் இணைப்பு வாய்ப்பில்லை என்று தொகுப்பை நடத்தும் நிறுவனம் சொல்ல வேண்டிய நிலைமை வந்தது. வருமுன் காத்திருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

நான் டேட்டா சென்டர் வரக்கூடாது என்று சொல்லவில்லை. என் சம்பளமே பாதி அதிலிருந்துதான் வருகிறது. வரட்டும். ஆனால் விருந்தாளியாக வராமல் பங்காளியாக வரட்டும். ஒவ்வொரு டேட்டா சென்டரிலும் பெரிய பேட்டரி இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி அவை சும்மா கிடக்கின்றன. தொகுப்பு திணறும் மாலை நேரத்தில் அந்தப் பேட்டரி ஒரு மணி நேரம் கைகொடுக்கலாம். ஏ.ஐ. பயிற்சி வேலையை மாலையிலிருந்து நண்பகலுக்குத் தள்ளி வைக்கலாம். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பசிக்காது. இது கற்பனை இல்லை. 2025இல் கூகுள் அமெரிக்காவின் இரண்டு மின் நிறுவனங்களோடு இப்படி ஒப்பந்தம் போட்டிருக்கிறது. டெக்சாஸ் மாநிலம் அதே 2025இல் 75 மெகாவாட்டுக்கு மேற்பட்ட பெரிய சுமைகளுக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. நாமும் இணைப்புக் கொடுக்கும் போதே இந்த நிபந்தனையை எழுதி வாங்க வேண்டும். இணைப்புக் கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது.

தம்பி தங்கைகளுக்கு

கடைசியாக மாணவர்களிடம் இரண்டு வார்த்தை. டேட்டா சென்டர் கட்டினால் ஆயிரக்கணக்கில் வேலை என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். கட்டும்போது நிறையப் பேர் வேண்டும். ஓட ஆரம்பித்தபின் அவ்வளவு பெரிய கட்டடத்தை ஒரு ஷிஃப்டுக்குச் சில பேர் பார்த்துக்கொள்வார்கள். ஒரு நெசவு ஆலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஆனால் அதைச் சுற்றி வேலை இருக்கிறது. உயர் அழுத்தக் கேபிள் ஜாயின்ட் போடத் தெரிந்தவர்களுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. ரிலே டெஸ்டிங் தெரிந்த ஆள் கிடைக்காமல் வேலை தள்ளிப்போவதைக் கண்ணால் பார்க்கிறேன். ஜி.ஐ.எஸ்., பேட்டரி, ஏ.சி. பிளான்ட், எர்த்திங் எல்லாவற்றிலும் அப்படித்தான். இவை எல்லாம் கையும் மூளையும் சேர்ந்து செய்கிற வேலைகள். டிப்ளமோ முடித்தவர்கள் 'சி' சான்றிதழ் வாங்கிவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். பவர் சிஸ்டம் பாடத்தில் ஃபால்ட் கணக்கை மனப்பாடம் செய்து பாஸ் பண்ணாமல், ஒருமுறை உங்கள் தெரு டிரான்ஸ்பார்மருக்குப் போட்டுப் பாருங்கள். எத்தனை கே.வி.ஏ., எத்தனை சதவீத இம்பிடன்ஸ் என்று அதன் பெயர்ப்பலகையிலேயே எழுதியிருக்கும். எட்டி நின்று படியுங்கள், தொடாதீர்கள்!

இன்னொன்று. ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை மாற்றும்போது பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம், எழுதியும் அனுப்பலாம். பெரிய கம்பெனிகள் வக்கீலோடும் கணக்கோடும் வருகின்றன. தறிக்காரர்கள் வயிற்றெரிச்சலோடு மட்டும் வருகிறார்கள். அந்த வயிற்றெரிச்சலைக் கணக்காக எழுதித்தர ஒரு மின் பொறியாளர் கூட இருந்தால் எவ்வளவு வித்தியாசம் தெரியும்! இந்தக் கல்லூரியில் மின்துறை இருக்கிறது, கல்லூரியைச் சுற்றித் தறி இருக்கிறது. அடுத்த கருத்துக் கேட்புக்கு நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் சார்பில் ஒரு மனு தயாரிக்கலாம் என்று தலைவர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். கணக்குப் போடும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நான்கு பேர் என்னோடு சேர்ந்தால் போதும். எந்தத் தெருவில் எத்தனை தறி, எந்த டிரான்ஸ்பார்மரில் எவ்வளவு சுமை, மாலையில் வோல்டேஜ் எவ்வளவு தொங்குகிறது என்று அளந்து எழுதுவோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு மின்துறை ஆய்வகத்துக்கு வந்து என்னைப் பாருங்கள்.